காசு கட்டியும் 'பிஸி டோன்' தான்... 1996-ல் ஏஓஎல் வாடிக்கையாளர்கள் கொந்தளித்தது ஏன்?

'கீ...ங், கர்ர்ர், பீப் பீப்' என்று மோடம் போடும் சத்தம் ஞாபகம் இருக்கிறதா? 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு, அந்தச் சத்தத்துக்கே அடையாளமாக இருந்த அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தனது டயல்-அப் இணைய சேவையை நிறுத்திவிட்டது. "அட, இன்னும் அது ஓடிக்கிட்டு இருந்ததா?" என்று பலரும் ஆச்சரியப்பட்டார்கள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2023-ல்கூட டயல்-அப்பை மட்டுமே நம்பி இருந்த அமெரிக்க வீடுகள் 1.6 லட்சத்துக்கும் மேல் என்கிறது அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை.

அந்தச் செய்தி வந்ததும் சமூக வலைதளங்களில் பழைய நினைவுகள் கரைபுரண்டு ஓடின. ஆனால் அந்தக் காலத்து வாடிக்கையாளர்களிடம் கேட்டால், மோடம் சத்தத்தைவிட இன்னொரு சத்தத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அது, லைன் கிடைக்காதபோது வரும் பிஸி டோன். மாதப் பணம் கட்டிய லட்சக்கணக்கான பேர் இரவு முழுக்க டயல் செய்தும் உள்ளே போக முடியாமல் தவித்து, கடைசியில் மாநில அரசுகளே தலையிட்ட கதை அது.

டயல்-அப் எப்படி வேலை செய்தது?

இன்றைக்கு வைஃபை ஆன் செய்தால் நெட் வந்துவிடுகிறது. அன்று அப்படி இல்லை. வீட்டு டெலிபோன் லைனை கம்ப்யூட்டரில் இருக்கும் மோடத்தில் செருக வேண்டும். மோடம் ஒரு போன் நம்பருக்கு டயல் செய்யும். அந்தப் பக்கம் இணைய நிறுவனத்தின் மோடம் போனை எடுக்கும். இரண்டும் ஒலியாகப் பேசிக்கொள்வதுதான் அந்தக் கீச்சுச் சத்தம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு வாடிக்கையாளர் உள்ளே இருந்தால், நிறுவனத்தின் ஒரு மோடமும் ஒரு போன் லைனும் முழுசாக அவருக்கே போய்விடும். அவர் எதையும் படிக்காமல் எழுந்து சாப்பிடப் போனாலும் சரி, அந்த லைன் அவருடையதுதான். இன்றைய பிராட்பேண்டில் கூட்டம் அதிகமானால் வேகம் குறையும். டயல்-அப்பில் கூட்டம் அதிகமானால் கதவே திறக்காது.

வீட்டிலும் சிக்கல்தான். ஒருவர் நெட்டில் இருந்தால் மற்றவர்கள் போன் பேச முடியாது. தெரியாமல் யாராவது பக்கத்து அறையில் ரிசீவரைத் தூக்கினால் கனெக்‌ஷன் கட் ஆகிவிடும். பாதி இறங்கிய ஃபைல் போச்சு.

முதல் கோபம்: அந்த 15 விநாடி

1996 வரை ஏஓஎல்-லில் மணிக்கணக்கு பில்தான். மாதம் 9.95 டாலர் கட்டினால் 5 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 2.95 டாலர். குழந்தைகள் சாட் ரூமில் உட்கார்ந்துவிட்டால் மாதக் கடைசியில் வரும் பில்லைப் பார்த்து பெற்றோர் அலறுவது சகஜமாக இருந்தது.

அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஒவ்வொரு முறை இணைந்து வெளியே வரும்போதும் கணக்கில் 15 விநாடி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. பிறகு அடுத்த முழு நிமிடத்துக்கு ஏற்றிக் கணக்கிடப்பட்டது. அதாவது ஒருவர் 2 நிமிடம் 46 விநாடி பயன்படுத்தினால், 15 விநாடி சேர்ந்து 3 நிமிடம் 1 விநாடி ஆகும். பில்லில் 4 நிமிடம்! ஆட்டோ மீட்டர் சூடு வைத்த கதைதான். இது குறித்து கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டனர். பிறகு அமெரிக்க வர்த்தக ஆணையமும் இதைக் கையில் எடுத்தது. 'இலவச சோதனை' என்று பிளாப்பி அனுப்பிவிட்டு, தாங்களாக ரத்து செய்யாதவர்களின் கிரெடிட் கார்டில் தானாகப் பணம் எடுத்ததைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 1997-ல் ஏஓஎல், கம்ப்யூசெர்வ், ப்ராடிஜி ஆகிய மூன்று நிறுவனங்கள் மீதும் அந்த ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

'அன்லிமிடெட்' வந்த நாள்

1996 மார்ச்சில் டெலிபோன் ஜாம்பவானான ஏடி அண்ட் டி, மாதம் 19.95 டாலருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இணைய சேவையைத் தொடங்கியது. மணிக்கணக்கு பில்லில் வெறுத்துப்போன வாடிக்கையாளர்களுக்கு இது பெரிய ஈர்ப்பு. ஏஓஎல்-லுக்கு வேறு வழியில்லை. 1996 டிசம்பர் 1 முதல் அதுவும் அதே 19.95 டாலருக்கு 'அன்லிமிடெட்' என்று அறிவித்தது.

9.95 டாலர் கட்டிக்கொண்டிருந்த பழைய வாடிக்கையாளர்களை, 'வேண்டாம்' என்று சொல்லாதவரை புதிய திட்டத்துக்குத் தானாக மாற்றும் ஏற்பாடும் இருந்தது. மாதம் ஐந்து மணி நேரம்கூடப் பயன்படுத்தாதவர்களுக்கு இது இரட்டைச் செலவு. மாநில அட்டர்னி ஜெனரல்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால் நிஜமான வெடி அதற்குப் பிறகுதான் வெடித்தது.

கணக்கு எங்கே இடித்தது?

அப்போது ஏஓஎல்-லிடம் இருந்தது சுமார் 2 லட்சம் மோடம்கள். வாடிக்கையாளர்கள் சுமார் 80 லட்சம். அதாவது 40 பேருக்கு ஒரு மோடம்.

இது மோசடி என்று சொல்லிவிட முடியாது. 40 பேரும் நாளைக்குப் பத்துப் பத்து நிமிடம் வந்து போனால் மொத்தம் 400 நிமிடம். ஏழு மணி நேரம்கூட இல்லை. ஒரு மோடம் தாராளமாகப் போதும். மணிக்கணக்கு பில் இருந்தவரை மக்கள் அப்படித்தான் வந்தார்கள். மெயிலைப் பார்த்தோமா, கட் பண்ணினோமா என்று இருந்தார்கள்.

அதே 40 பேரும் ஆளுக்கு அரை மணி நேரம் இருந்தால் 20 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 40 மணி நேரம் வேண்டும். ஒரு நாளைக்கு இருப்பதோ 24 மணி நேரம்! போதாக்குறைக்கு, யாரும் அதிகாலை மூன்று மணிக்கு நெட் பார்ப்பதில்லை. வேலை முடிந்து, சாப்பாடு முடிந்து, எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கூட்டம் மொத்தமும் ஒரே இரவில் கோயம்பேட்டில் நின்ற மாதிரி.

அமெரிக்காவில் வீட்டு போனில் லோக்கல் காலுக்கு பெரும்பாலும் தனிக்கட்டணம் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெட்டுக்கும் மீட்டர் ஓடவில்லை, போனுக்கும் மீட்டர் ஓடவில்லை. பிறகு யார்தான் லைனைக் கட் செய்வார்கள்? சில வாரங்களிலேயே ஏஓஎல்-லின் மொத்தப் பயன்பாட்டு நேரம் இரண்டு மடங்கைத் தாண்டியது.

விட்டால் போச்சு!

பிஸி டோன் கேட்கக் கேட்க, மக்களின் பழக்கமும் மாறியது. இதுதான் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அரை மணி நேரம் டயல் செய்து ஒருவழியாக உள்ளே போனவர், வேலை முடிந்தாலும் வெளியே வரமாட்டார். "இப்போ விட்டா மறுபடி கிடைக்குமா?" என்ற பயம். கனெக்‌ஷனை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனவர்கள் உண்டு. சும்மா இருக்கும் இணைப்பை ஏஓஎல் துண்டிக்கத் தொடங்கியதும், ஆள் இருப்பதுபோலவே காட்டும் குட்டி மென்பொருள்கள் புழக்கத்துக்கு வந்தன.

ரேஷன் கடையில் நாளைக்குச் சரக்கு இருக்காது என்று வதந்தி கிளம்பினால் என்ன நடக்கும்? அதேதான். தட்டுப்பாடு பதுக்கலை உருவாக்கியது, பதுக்கல் தட்டுப்பாட்டைக் கூட்டியது.

அதிகம் பாதிக்கப்பட்டது நெட்டை வைத்துத் தொழில் செய்தவர்கள். ஆர்டர் மெயிலில் வரும், திறந்து பார்க்க முடியாது. பிரச்சினை என்னவென்று கேட்க வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் அங்கும் நீண்ட காத்திருப்பு. 'அமெரிக்கா ஆன் ஹோல்ட்' என்று நிறுவனத்தின் பெயரையே கேலியாக மாற்றிவிட்டார்கள்.

நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் கேஸ், மாலை நேர நெரிசலில் பயன்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களையே கேட்டுக்கொண்டார். அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு, அளவாகப் பயன்படுத்துங்கள் என்றால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்? 1997 ஜனவரியில் 35 கோடி டாலர் செலவில் நெட்வொர்க்கை விரிவாக்கப் போவதாகவும், மோடம்களை ஜூன் மாதத்துக்குள் 3.5 லட்சமாக உயர்த்தப் போவதாகவும் ஏஓஎல் அறிவித்தது. ஆனால் பல நகரங்களில் வழக்குகள் ஏற்கெனவே குவிந்துவிட்டன.

பணம் திரும்பக் கிடைத்ததா?

கிடைத்தது, ஓரளவுக்கு. 1997 ஜனவரி கடைசியில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களுடன் ஏஓஎல் சமரசத்துக்கு வந்தது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் உள்ளே நுழைய முடியாமல் தவித்தவர்கள் அதிகபட்சம் இரண்டு மாதக் கட்டணமான 39.90 டாலர் வரை திரும்பக் கேட்கலாம். யார் குறைவான நேரம் பயன்படுத்தினார்களோ அவர்களுக்கு அதிகப் பணம். பணம் வேண்டாம் என்றால் ஒரு மாதம் இலவச சேவை. கூடவே, நெருக்கடி தீரும்வரை விளம்பரத்தைக் குறைக்கவும், சேவையை ரத்து செய்ய விரும்புவோருக்கு வழியை எளிதாக்கவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கடைசியாகச் சொன்ன அந்த ரத்து விஷயம் மட்டும் தீரவே இல்லை. சேவை வேண்டாம் என்று போன் செய்பவரைப் பேசிப் பேசித் தக்கவைக்கும் ஊழியர்களுக்கு ஏஓஎல் போனஸ் கொடுத்தது. 'கேன்சல்' என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்காமல் பேசுவார்கள் என்பது வாடிக்கையாளர்களின் பெரும் புகார். 2005-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் நடவடிக்கை எடுத்து, 12.5 லட்சம் டாலர் கட்ட வைத்தார். அதற்கு அடுத்த ஆண்டே, கேன்சல் செய்ய ஒரு வாடிக்கையாளர் படும் பாட்டின் ஆடியோ பதிவு இணையத்தில் பரவி நாடே சிரித்தது. 2007-ல் மேலும் 48 மாநிலங்களுடன் 30 லட்சம் டாலர் சமரசம். பிஸி டோனை மோடம் வாங்கிச் சரி செய்துவிட்டார்கள். வெளியே போகிறேன் என்பவரை விட மனம் வர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கிறது!

அதே காலத்தில் சென்னையில்?

இந்தியாவில் கதை தலைகீழ். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல், சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் பொதுமக்களுக்கான இணைய சேவையைத் தொடங்கியது. தனிநபருக்கு 9.6 கேபிபிஎஸ் வேகத்தில் ஆண்டுக்கு 250 மணி நேரம், கட்டணம் 5,000 ரூபாய். நிறுவனங்களுக்கு 15,000, 25,000 என்று போனது. 250 மணி நேரத்தை நாள் கணக்கில் பிரித்தால் ஒரு நாளைக்கு 41 நிமிடம். இன்று போனில் ரீல்ஸ் பார்க்கத் தொடங்கினால் எப்போது போனது என்றே தெரியாத நேரம் அது. குறைந்த கட்டணக் கணக்கில் படமே வராது, வெறும் எழுத்து மட்டும்தான்.

இங்கே அன்லிமிடெட் பிரச்சினையே எழவில்லை. பிரச்சினை, இரட்டை மீட்டர். ஒரு பக்கம் இணைய மணி நேரம் கரையும், இன்னொரு பக்கம் லோக்கல் கால் என்று டெலிபோன் பில் ஏறும். நடுவில் லைன் கட் ஆனால் மறுபடி டயல் செய்ய வேண்டும், மறுபடி ஒரு காலுக்குக் காசு. விஎஸ்என்எல் பிடிக்கவில்லை என்று வேறு நிறுவனத்துக்குப் போகவும் முடியாது, ஏனென்றால் வேறு நிறுவனமே கிடையாது. 1998 நவம்பரில்தான் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. முதலில் களமிறங்கிய தனியார் நிறுவனம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே. பிற்காலத்தில் 'சிஃபி' என்று எல்லோரும் அறிந்தது அதைத்தான்.

இப்போதும் அதே கணக்குதானா?

ஒரு லைனைப் பல பேருக்குப் பகிர்ந்து விற்பது இன்றும் தொடர்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற அதே கணிப்புதான். வீட்டு பிராட்பேண்டில் 50 பேருக்கு மேல் ஒரே அளவை அலைவரிசையைப் பகிரக் கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. இரவு ஒன்பது மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே நிற்பதற்கும், 1996-ன் பிஸி டோனுக்கும் உறவு இங்கேதான் இருக்கிறது.

'அன்லிமிடெட்' என்று விற்கப்படும் பல பிளான்களில் குறிப்பிட்ட ஜிபி தாண்டியதும் வேகம் குறைக்கப்படும். அதற்குப் பெயர் எஃப்யூபி. அப்படிக் குறைத்தாலும் பிராட்பேண்டில் 512 கேபிபிஎஸ்-க்குக் கீழே போகக் கூடாது என்று 2016-ல் டிராய் உத்தரவிட்டது. சேவை சரியில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் புகார் செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.