ஒன்றரை இலட்சத்தில் ஒரு விளையாட்டுக் கணினி

யட்டவத்தயில் இருக்கும் என் தங்கையின் மகன் கேம் விளையாட ஒரு கணினி கேட்டான். கையிலிருந்தது ஒன்றரை இலட்சம் ரூபா. தங்கை குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய பணம். 2022இல் ரூபா வீழ்ந்த பின் இறக்குமதிப் பாகங்களின் விலை எங்கோ போய்விட்டது. ஒன்று பழுதானால் மீண்டும் வாங்க வழியில்லை.

“கிராபிக்ஸ் கார்ட்தான் முக்கியம் மாமா” என்றான். உண்மைதான். ஆனால் அதை வாங்கினால் பவர் சப்ளையை மலிவாக எடுக்க வேண்டிவரும். மின்சாரம் ஏறி இறங்கும்போது தரமற்ற பவர் சப்ளை எரிந்தால், மற்றப் பாகங்களையும் கெடுத்துவிடலாம்.

ஆகவே ரைசன் 5 5600ஜி புரொசசரைத் தெரிவுசெய்தோம். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. அது ரேமைப் பகிர்ந்துகொள்வதால், 16 ஜிபி ஒன்றுக்குப் பதிலாக 8 ஜிபி இரண்டு போட்டோம்; அப்போதுதான் வேகம் கிடைக்கும். மிச்சப் பணத்தில் எஸ்எஸ்டியும் 550 வாட் தரமான பவர் சப்ளையும் வாங்கினோம். திரைக்கு வீட்டு டிவி.

பாரமான புதிய கேம்கள் சரியாக ஓடாது. வலோரன்ட் நன்றாக ஓடுகிறது. காசு சேர்ந்ததும் கார்ட் போடலாம். அதற்கான இடமும் மின்வலுவும் இருக்கின்றன.

தங்கை தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டாள்: “எரியாதுதானே அண்ணா?”