உஷார்! நிவாரண மூட்டையில் பால்பவுடர் டின்

வெள்ள நிவாரணத்துக்குப் பொருள் சேர்க்கிறீர்களா? பட்டியலில் 'கைக்குழந்தைகளுக்குப் பால்பவுடர், பால் பாட்டில்' என்று இருந்தால் அந்த வரியை இப்போதே அடித்துவிடுங்கள். பச்சைப்பிள்ளை பசித்து அழக்கூடாதே என்று நாம் அனுப்பும் டின், அதே பிள்ளையின் உயிருக்கு உலை வைக்கும்.

முகாமை நினைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபம் நிறைய ஜனம். நடுவே கைக்குழந்தையோடு ஒரு தாய். வீடு போன பயம், இரண்டு நாளாகத் தூக்கமில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியம்மா, "அதிர்ச்சியில பால் வத்திப்போச்சு தாயீ" என்கிறார். அந்த நேரம் பார்த்து டின் வந்து இறங்குகிறது. உண்மையில் பால் வற்றுவதில்லை. பதற்றத்தில் பால் இறங்கச் சற்றுத் தாமதமாகும். குழந்தை சப்பச் சப்பச் சுரக்கும். டின் பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடாது, சப்பாத மார்பில் சுரப்பும் குறையும். நாலாம் நாள் டின் காலியாகப் போகிறது. லாரி திரும்பி வராது. மிச்சமிருக்கும் ஒரு கரண்டிப் பவுடரில் தண்ணீரைக் கூட்டிக் கூட்டிக் கரைப்பாள் அந்தத் தாய். சாக்கடை கலந்த தண்ணீர். பாட்டிலையும் நிப்பிளையும் கொதிக்க வைக்க அடுப்பு கிடையாது. அடுத்தது பேதிதான். சில மாதக் குழந்தைக்கு உடம்பில் நீர் வற்ற ஒரே நாள் போதும்.

பவுடரும் கிருமி நீக்கப்பட்டதல்ல. பிரிக்காத டின்னிலேயே கிருமி இருக்கலாம் என்பதால்தான், 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மிகைப்படுத்தவில்லை. 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம். தானமாக வந்த பால்பவுடர் கிடைத்த குழந்தைகளில் சுமார் 25 சதவீதம் பேருக்குப் பேதி. கிடைக்காதவர்களில் சுமார் 12 சதவீதம்தான். அதே ஆண்டு போட்ஸ்வானாவில் கனமழைக்குப் பின் பேதி பரவி 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. பெரும்பாலும் தாய்ப்பால் குடிக்காத குழந்தைகளைத்தான் அது வாரிக்கொண்டு போனது.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம்: குழந்தைப் பால்பவுடரையும் பாட்டிலையும் ஆதரவற்றோர் இல்லம் தவிர யாருக்கும் தானம் செய்யக் கூடாது. நல்ல மனசோடு மேடை போட்டு டின் கொடுப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தக் காசைத் தாய்க்குக் கொடுங்கள். மூன்று வேளைச் சூடான சாப்பாடு, குடிக்க நல்ல தண்ணீர், பால் கொடுக்க நாலு புடவையைக் கட்டி மறைத்த ஒரு மூலை, பேதிக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பிள்ளை பிழைக்க இவைதான் வேண்டும். பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார்கள் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் உள்ள தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கலாம். கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிய பிறகே குறைமாதக் குழந்தைகளுக்கு ஊட்டுவார்கள்.

தாயை இழந்த குழந்தைக்குப் பவுடர் வேண்டியிருக்கும்தான். அதை டாக்டரோ செவிலியரோ முடிவு செய்யட்டும். பாட்டில் வேண்டாம், கழுவ எளிதான பாலாடையில் ஊட்டட்டும். குழந்தைக்குத் தேவைப்படும் மாதம் வரை பவுடர் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். உங்கள் டின்கள் ஏற்கெனவே முகாமுக்குப் போய்விட்டனவா? யார் கையிலும் கொடுக்கவிடாமல், இன்றே அந்தப் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.