ஃபெரிட்டின் கூடினால் உடலில் இரும்பு மிகுந்துவிட்டதா?

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஃபெரிட்டின் என்ற சொல்லுக்கு எதிரே பெரிய எண் ஒன்று தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தால், அதைக் காண்பவர் மனம் கலங்குவது இயல்பே. இரும்புச்சத்து அளவுக்கு மீறிவிட்டதென்று எண்ணி, மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு. முருங்கைக்கீரையைக்கூட ஒதுக்கிவிடுவோரும் உண்டு. அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை அறிய, செல்லுக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

இரும்பு இல்லாமல் செல் இயங்காது. கட்டுப்பாடின்றித் திரியும் இரும்போ செல்லையே சிதைக்கும். ஆகவே உபரி இரும்பைப் பூட்டி வைக்க ஒரு களஞ்சியம் தேவைப்படுகிறது. அதுவே ஃபெரிட்டின். 24 புரதத் துண்டுகள் சேர்ந்து அமைக்கும் உள்ளீடற்ற கோளம் அது. ஏறத்தாழ 4,500 இரும்பு அணுக்கள் வரை அதனுள் அடங்கும். இரத்தத்தில் கலக்கும் அதன் சிறுபகுதியையே ஆய்வகத்தில் அளக்கிறோம்.

ஃபெரிட்டினை எப்போது தயாரிப்பது, எப்போது நிறுத்துவது என்பதைச் செல் எவ்வாறு முடிவு செய்கிறது? புரதம் ஒவ்வொன்றுக்குமான செய்முறை மரபணுவில் உள்ளது. அதன் படியாகிய தூது ஆர்.என்.ஏ. செல்லின் உட்கருவிலிருந்து வெளியே வர, ரைபோசோம் அதைப் படித்துப் புரதத்தை உருவாக்குகிறது. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். உண்மையில் தூது ஆர்.என்.ஏ. தனித்து உலவுவதே இல்லை. பிறந்த கணம் முதல் வேறு பல புரதங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. அது எங்கே செல்வது, எவ்வளவு காலம் நிலைப்பது, எப்போது படிக்கப்படுவது என்பனவற்றை அவையே தீர்மானிக்கின்றன.

ஃபெரிட்டினுக்குரிய தூது ஆர்.என்.ஏ.வின் தலைப்பகுதியில் சுமார் 30 எழுத்துகள் தம்மேல் தாமே மடங்கி, கொண்டை ஊசி போன்ற வளைவாக நிற்கின்றன. இரும்பு குறைந்த வேளையில், இரும்புக் கட்டுப்பாட்டுப் புரதங்கள் எனப்படும் இரண்டில் ஏதேனும் ஒன்று அவ்வளைவை இறுகப் பற்றுகிறது. ரைபோசோம் அங்கே வந்து அமர இயலாமற் போகிறது. தூது அழிக்கப்படுவதில்லை, காத்திருக்க வைக்கப்படுகிறது. இரும்பு பெருகியதும், அவ்விரண்டில் ஒன்று இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு தொகுப்பைத் தன்னுள் ஏற்று, உருமாறி, பிடியை விட்டுவிடுகிறது, மற்றது சிதைக்கப்படுகிறது. காத்திருந்த தூதுகள் உடனே படிக்கப்பட்டு, களஞ்சியம் எழுகிறது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. இரும்பைச் செல்லுக்குள் அழைத்துவரும் வாயிற்புரதம் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. அதன் தூதிலும் இதே வளைவுகள் ஐந்து உள்ளன. ஆனால் அவை வால்பகுதியில் அமைந்துள்ளன. அங்கே அதே கட்டுப்பாட்டுப் புரதம் பற்றினால், தூது வெட்டுப்படாமல் காக்கப்படுகிறது. ஆக, இரும்பு குறையும்போது ஒரே கை களஞ்சியத்தை மூடி, வாயிலைத் திறந்து வைக்கிறது. பிடிக்கும் இடம் மாறினால் விளைவே தலைகீழாகிறது.

அந்த வளைவில் ஓர் எழுத்து மாறிவிட்டால் என்னவாகும் என்பதை 1995ஆம் ஆண்டில் இத்தாலியிலும் பிரான்சிலும் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது மருத்துவ உலகம் கண்டது. கட்டுப்பாட்டுப் புரதத்தால் வளைவைச் சரிவரப் பற்ற இயலவில்லை. ஃபெரிட்டின் தடையின்றி உற்பத்தியாகிறது. இரத்தத்தில் அதன் அளவு 1,000ஐக்கூடத் தாண்டலாம்; உடலிலுள்ள இரும்போ இயல்பாகவே இருக்கும். மிகுந்த ஃபெரிட்டின் விழிவில்லையில் படிகமாகப் படிவதால், இளவயதிலேயே கண்புரை தோன்றுகிறது. இத்தகையோருக்கு இரும்பு மிகையெனக் கருதி இரத்தத்தை வெளியேற்றும் சிகிச்சை அளித்தால், அவர்கள் விரைவில் இரத்தசோகைக்கு ஆளாகின்றனர். பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருப்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்புண்டு.

இது அரிய நோய். ஃபெரிட்டின் உயர்வதற்கு நாங்கள் அன்றாடம் காணும் காரணங்கள் வேறு: காய்ச்சல், தொற்று, மூட்டழற்சி, கல்லீரல் கொழுப்பு, மதுப்பழக்கம். அழற்சி ஃபெரிட்டினை உயர்த்தி, இரும்புக் குறைவை மறைத்தும்விடும். நலமாயுள்ள பெரியவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறைவென உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. தொற்றோ அழற்சியோ உள்ளவருக்கு அவ்வரம்பு 70. மூட்டழற்சியுள்ள ஒருவரின் அறிக்கையில் 50 என்றிருந்தால், எண் இயல்பாகத் தோன்றினும் அவருக்கு மாத்திரை தேவைப்படலாம். டிரான்ஸ்ஃபெரின் செறிவு, சி.ஆர்.பி., கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றையும் சேர்த்து நாங்கள் கேட்பது இதனாலேதான், செலவைக் கூட்டுவதற்கன்று.

அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் தலசீமியா நோயாளிகளின் நிலை வேறு. அவர்களிடம் இரும்பு மெய்யாகவே சேர்ந்துகொண்டிருக்கும். ஒரு முறை ஃபெரிட்டின் குறைந்ததைக் கண்டு, இரும்பு நீக்கும் மருந்தைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

பரிசோதனைக்கு வரும்போது பழைய அறிக்கைகளைத் தவறாமல் கொண்டுவாருங்கள். அண்மையில் காய்ச்சல் வந்திருந்தால் சொல்லுங்கள். வீட்டில் எவருக்கேனும் நாற்பது வயதுக்கு முன் கண்புரை அறுவை நடந்திருந்தால், கேட்கப்படாவிட்டாலும் அதையும் குறிப்பிடுங்கள். இரத்தத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் பாட்டியின் கண்ணைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்று தயங்க வேண்டாம்.