நார்ச்சத்தும் குடல்வாழ் நுண்ணுயிரிகளும்

நாம் உண்ணும் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றை நம் உடலின் செரிமான நீர்கள் சிதைக்கின்றன. தாவரங்களின் நார்ச்சத்தைச் சிதைக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எனவே, நார்ச்சத்து சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கு வாழும் கோடானுகோடி நுண்ணுயிரிகளுக்கு அதுவே உணவாகிறது. அவை அதை நொதிக்கச் செய்து குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவ்வமிலங்களுள் ஒன்றான பியூட்டிரேட், பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு எரிபொருளாகிறது. பசி அடங்கியதை மூளைக்கு உணர்த்தும் ஹார்மோன்கள் சுரக்கவும் இவ்வமிலங்கள் தூண்டுகின்றன.

நுண்ணுயிரிகளுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பை 2013இல் அமெரிக்க அறிவியலாளர் ஜெப்ரி கார்டன் குழுவினர் ஆராய்ந்தனர். இரட்டையருள் ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிந்தும் இருந்த இணைகளைத் தேர்ந்து, அவர்களின் குடல் நுண்ணுயிரிகளை எலிகளுக்குள் செலுத்தினர். பருமனானவரின் நுண்ணுயிரிகளைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்தது. இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் வளர்த்தபோது, மெலிந்தவரின் நுண்ணுயிரிகள் மற்ற எலிகளிலும் குடியேறி அக்கொழுப்பைத் தடுத்தன. ஆனால், காய்கனி குறைந்து கொழுப்பு மிகுந்த உணவை அளித்தபோது அப்பயன் கிட்டவில்லை. நல்ல நுண்ணுயிரிகள் வந்து சேர்ந்தாலும், அவற்றுக்கேற்ற உணவின்றிப் பயனில்லை என்பதே இதன் பாடம்.

இப்பாடம் நமக்கு மிகவும் தேவையானது. மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, மிகை எடையோ உடற்பருமனோ உடைய பெரியவர்கள் 2019இல் 50.1 விழுக்காட்டினர், 2023இல் 54.4 விழுக்காட்டினர். போதிய காய்கனி உண்ணாதோர் 2019இல் 94.9 விழுக்காட்டினர்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நூறு கிராம் வெள்ளைச் சோற்றில் அரைக் கிராம் நார்கூட இல்லை; அதே அளவு வேகவைத்த கொண்டைக்கடலையிலோ ஏறத்தாழ 7 கிராம் உண்டு. செடெனாக் வீடுகளில் சமைக்கும் கீரை, பயறு, அவரை, வாழைப்பூ ஆகியவையும் நார் மிகுந்தவையே. பழைய சோற்றில், ஆறியதால் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடுகிறது. அதுவும் நுண்ணுயிரிகளுக்கு இரையாகிறது.

நார்ச்சத்து மட்டுமே எடையைக் குறைத்துவிடாது. உணவின் அளவும் உடலுழைப்பும் உடன்வர வேண்டும். தட்டில் பாதி காய்கனி, கால்பகுதி சோறு, கால்பகுதி புரதம் என்பது சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' வழிகாட்டி. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மாணவர் ஏந்தும் தட்டிலேயே இதைக் கற்பிக்கலாம். திடீரென நாரைக் கூட்டினால் வயிறு உப்பும். ஆகவே, சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் போதிய அளவு பருகுதல் நன்று.