இரும்புக்கே தண்ணி காட்டும் தண்ணி!

முதல் வருஷ இன்ஜினீயரிங் கெமிஸ்ட்ரியில் ‘பாய்லர் ட்ரபிள்ஸ்’ ஞாபகம் இருக்கா? ஸ்கேல், ஸ்லட்ஜ், கரோஷன்... முந்தின ராத்திரி மனப்பாடம் செய்து, மறுநாள் பேப்பரில் கொட்டிவிட்டு, ஹாலை விட்டு வெளியே வரும்போதே மறந்துபோன அதே பாடம்தான்! ஆனால், அமெரிக்காவின் மின்னசோட்டா பக்கம் பல கிராமத்துக் குடும்பங்களுக்கு அது வீட்டு விஷயம். மறந்தால், குளிரில் பல் தந்தியடிக்கும்!

அங்கே ஜனவரி ராத்திரியில் மைனஸ் 20 டிகிரி எல்லாம் சர்வசாதாரணம். வீட்டைச் சூடாக்க, கொல்லையில் சின்ன ஷெட் மாதிரி ஒரு விறகு உலை வைத்திருப்பார்கள். நடுவில் விறகு எரியும் இரும்புப் பெட்டி. அதைச் சுற்றிப் பல நூறு லிட்டர் தண்ணீர். சுமார் 80 டிகிரிக்குச் சூடாகும் இந்தத் தண்ணீர், மண்ணுக்கடியில் குழாய் வழியே வீட்டுக்குப் போய், சூட்டைக் கொடுத்துவிட்டு உலைக்கே திரும்பும். அதே தண்ணிதான் வருஷக்கணக்கா ரவுண்டு அடிக்கும்.

இந்த உலையைக் காலி பண்றது எது? நெருப்புன்னுதானே நினைக்கிறீங்க? பல சமயம் வில்லன் தண்ணிதான். கரெக்டா சொன்னா, அதில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜன். பெரும்பாலான உலைகள் மேலே காற்றுக்குத் திறந்திருக்கும். அழுத்தம் ஏறி வெடிக்காது என்பது லாபம். தண்ணீர் ஆவியாகிக் குறைவதும், காற்று உள்ளே நுழைவதும் நஷ்டம். குறையக் குறைய புதுத் தண்ணீர் ஊற்றினால், அதோடு புது ஆக்ஸிஜனும் ஃப்ரீ! துருவும் சமமாகப் பிடிக்காது. ஒரே இடத்தில் குழி பறித்து, கடைசியில் ஊசி ஓட்டை போட்டுவிடும்.

புத்தகத்தில் சோடியம் சல்ஃபைட், ஹைட்ரஸின் போட்டு ஆக்ஸிஜனை விரட்டச் சொல்வாங்க. மூடிய பாய்லருக்கு அது ஓகே. திறந்த உலையில் விரட்ட விரட்ட வந்துகிட்டே இருக்குமே! அதனால் இங்கே ரூட்டே வேற. நைட்ரைட் கலந்த மருந்தை ஊற்றுவார்கள். அது இரும்பின் மேல் மெல்லிய கவசம் போர்த்திவிடும். பி.எச். அளவும் 8-க்கு மேலே இருக்கணும். தண்ணீர் அமிலமானால் கவசம் நிற்காது. சில பாக்டீரியாக்களுக்கு நைட்ரைட் சாப்பாடு என்பதால், ஒரு தடவை ஊற்றிவிட்டு மறந்துவிடவும் முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது சாம்பிள் எடுத்து டெஸ்ட் பண்ணணும். அடியில் தங்கும் கசடையும் திறந்து விடணும்.

‘கடினத்தன்மையை நீக்கிட்டா போதாதா?’ போதாது. அது ஸ்கேலுக்கு வைத்தியம், துருவுக்கு இல்லை!

இன்னொரு ஆச்சரியம்... ‘கோடையில்தான் உலை வேண்டாமே, தண்ணியை வடிச்சிடலாம்’னு தோணும். வடிச்சா ஆபத்து! ஈர இரும்பு மேல காற்று பட்டா, துருவுக்குக் கொண்டாட்டம். மருந்து கலந்த தண்ணீரை அப்படியே நிரப்பி வைப்பதுதான் நல்லது.

புது உலை வாங்கப் பல லட்சம் ரூபாய் வேணும். அதைக் காப்பாத்துறது ஒரு பாட்டில் மருந்தும், ஒரு சின்ன டெஸ்ட்டும்தான்.

இனிமே அந்த யூனிட்டை சாய்ஸில் விடுறதுக்கு முன்னாடி, கொஞ்சம் யோசிங்க ஃப்ரெண்ட்ஸ்!