நம்ம தலைக்கு மேல் பறக்கும் இன்ஜின்... ரேஸ் காரில் ஓடியது தெரியுமா? பிறகு ஏன் காணாமல் போச்சு?

திருப்போரூர், மாமல்லபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு விமானப்படையின் பயிற்சி விமானங்கள் பழக்கமானவைதான். தாம்பரத்தில் இருந்து கிளம்பும் பிலாட்டஸ் பிசி-7 அதில் ஒன்று. 2025 நவம்பரில் திருப்போரூர் அருகே விழுந்ததே, அதே ரகம். (விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பிவிட்டார்.)

இதன் மூக்கில் இருப்பது பிடி6 என்ற கேஸ் டர்பைன் இன்ஜின். இதே குடும்பத்து இன்ஜின் ஒரு காலத்தில் ரேஸ் காரிலும் ஓடியது.

எப்படி வேலை செய்யுது?

கார் இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். டர்பைனில் அது கிடையாது. காற்றை இழுத்து அழுத்தி, அதில் எரிபொருளை எரிக்கும். சீறி வரும் வாயு, விசிறி போன்ற சக்கரத்தைச் சுழற்றும். விமானத்தில் அந்தச் சுழற்சி புரொப்பல்லருக்குப் போகும். காரில் டயர்களுக்கு. ஓட்டுபவர் கியரே மாற்ற வேண்டாம்.

3 சுற்று இருக்கும்போது...

1967, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 பந்தயம். பார்னெல்லி ஜோன்ஸ் ஓட்டிய டர்பைன் கார், மொத்தம் 200 சுற்றில் 171 சுற்று முன்னிலை! இன்னும் 3 சுற்றுதான் பாக்கி. அப்போ உடைந்தது டர்பைன் இல்லை, சுழற்சியை டயருக்குக் கடத்தும் பெட்டியில் ஒரு சின்ன பேரிங். கார் நின்றது. ஏ.ஜே.ஃபாய்ட் ஜெயித்தார்.

அடுத்து விதி மாறியது. டர்பைன் காற்று இழுக்கும் வாயின் பரப்பை சுமார் 24 சதுர அங்குலத்தில் இருந்து 16 ஆகக் குறைத்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி. அப்படியும் 1968-ல் ஜோ லியோனார்டின் லோட்டஸ் டர்பைன் கார் முதலிடத்தில் ஓடி, கடைசி 9 சுற்று இருக்கும்போது எரிபொருள் பம்ப் பழுதாகி நின்றது. அதன்பின் விதி இன்னும் இறுகியது.

விதி மட்டும்தான் காரணமா?

இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் டர்பைன் உடனே சீறாது, கொஞ்சம் தாமதமாகும். காலை எடுத்தாலும் சட்டென அடங்காது, பிரேக்குக்குத்தான் சுமை. ஆகாயத்தில் ஒரே சீராகப் போகும் விமானத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. இண்டியானாபோலிஸிலும் 4 வளைவுதான், சமாளிக்கலாம். ஆனால் நம்ம இருங்காட்டுக்கோட்டை டிராக்கை எடுத்துக்கோங்க. 3.7 கிலோமீட்டருக்குள் 12 வளைவு! ஒரு காலில் பிரேக்கை மிதிக்கும்போதே இன்னொரு காலில் ஆக்சிலேட்டரையும் மிதிக்கணும்.

1971-ல் ஃபார்முலா 1-க்கு வந்த லோட்டஸ் 56பி இந்தச் சிக்கலில்தான் மாட்டியது. எமர்சன் ஃபிட்டிபால்டி அதை ஓட்டி, இத்தாலி பந்தயத்தில் 8-வது இடம் பிடித்தார். அடுத்த ஆண்டே, பிஸ்டன் இன்ஜின் லோட்டஸில் அவர் உலக சாம்பியன்.