ஆமூர் மற்போரும் பாடினோர் வரலாறும்

பண்டைத் தமிழ்ப் புலவர்தம் வரலாறும் அவர்களாற் பாடப்பெற்ற புரவலர்தம் வரலாறும், பெரும்பான்மை, பாடல்களின் இறுதியில் அமைந்த பழங்குறிப்புகளைக் கொண்டே எழுதப்பட்டு வருகின்றன. அக்குறிப்புகள் இல்லையேல் பல பெயர்களே நமக்குக் கிட்டியிரா. ஆயினும், பாட்டுக் கூறுவது இது, குறிப்புக் கூறுவது இது எனப் பிரித்துக் காணாது இரண்டனையும் ஒன்றாகக் கலந்து எழுதுமிடத்து, வரலாறு சிற்சில இடங்களிற் கதையாகிவிடுகின்றது. புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வாறு பாடல்களும் சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடியன எனக் குறிப்புகள் உணர்த்துகின்றன. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை; பின் மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனை மற்போரில் வென்றமை இவற்றின் பின்னணியாகக் கொள்ளப்படுகின்றது. இவற்றைக் கொண்டு பின்வருமாறு ஒரு வரலாறு வழங்குகின்றது: கிள்ளி தன் தந்தை தித்தனொடு பகைத்து வேற்றூர் சென்று வறுமையுற்றான்; ஆங்கு மற்போரில் வென்றான்; அதனைக் கண்ட நக்கண்ணையார் அவன்மேற் காதல் கொண்டார்; அக்காதல் நிறைவேறவில்லை. இவ்வரலாற்றில் எத்துணைப் பகுதி பாட்டினின்று பெறப்படுவது?

80ஆம் பாடலில் ஆமூரும் அவ்வூர் மல்லனும் கூறப்படுகின்றனர். ஒரு கால் பகைவன் மார்பின்மேல் அழுந்த, மற்றொரு கால் அவன் முதுகினை வளைக்கும் நிலை, கண்முன் நிகழ்வதுபோற் காட்டப்படுகின்றது. அந்நிலையைத் தித்தன், மகிழினும் மகிழானாயினும், காண வேண்டும் என்பது புலவர் விழைவு. தித்தனைத் தந்தை எனக் கூறும் சொல் பாட்டில் இல்லை. எனினும், வென்றவன்பால் விருப்பமில்லாத நெருங்கிய ஒருவனையே அக்கூற்றுச் சுட்டுகின்றது. ஆதலின் தந்தை எனக் கொள்வது பொருந்தும் ஊகமே. ஊகம் என்பதை மட்டும் நாம் மறத்தலாகாது.

81, 82ஆம் பாடல்களில் தலைவன் ஆத்தி மாலை சூடியவனாகக் கூறப்படுகின்றான். ஆத்தி சோழர்க்குரிய மாலை. ஆதலின் அவன் சோழர் குடியினன் என்பதற்குப் பாட்டிலேயே அகச்சான்று உளது. குறிப்பின் மெய்ம்மைக்கு இஃது அரண் செய்கின்றது. ஆனால், ஆறு பாடல்களும் ஒரே மற்போரைப் பற்றியன என்பது ஐயத்திற்குரியது. 80இல் எதிர்நின்றவன் ஆமூர்க்கு உரிய மல்லன். 82இல் எதிர்நின்றவனோ ஊரைக் கைக்கொள்ள வந்தவன். 85இல் தலைவனே அவ்வூரானும் அந்நாட்டானும் அல்லன். மேலும், 81இல் அவனுக்கு யானைகள் உள; 84இலோ அவன் புற்கை உண்பவன். ஒரே காலத்து ஒரே நிகழ்ச்சியாக இவற்றை இணைத்தல் அரிது. ஒருவன் வாழ்வின் வெவ்வேறு நிலைகளை இப்பாடல்கள் காட்டுகின்றன எனக் கொள்ளுதலே அமையும்.

இனி, நக்கண்ணையார் பாடல்களைக் காண்போம். மூன்றிலும் தலைவன் பெயர் இல்லை. 83இல் தாய்க்கு அஞ்சியும் அவைக்கு நாணியும் நடுங்குபவள் பேசுகின்றாள். இருவகைப்பட்ட ஊரும் தன்னைப்போல் நடுங்குக என்கின்றாள். 84ஆம் பாடல் விழாக்கொண்ட பேரூரைக் களமாகக் காட்டுகின்றது. தருக்கி வந்த மள்ளர்க்கு அவன், உப்பு வணிகர் அஞ்சும் நீர்த்துறை போன்றவன். 85இல் அவன் வென்றான் என்று ஒருசாரார் கூற, வெல்லவில்லை என்று மற்றொருசாரார் கூறுகின்றனர். அவளோ சிலம்பு ஒலிக்க ஓடி, தன் மனையிலுள்ள பனையைச் சார்ந்து நின்று, அவன் வெற்றியைத் தன் கண்ணாற் காண்கின்றாள். போட்டியைக் காணும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆரவாரித்தல் இன்றும் நாம் காண்பதே.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. கோழி என்பது உறையூர்க்கு ஒரு பெயர். பெருங்கோழியும் அதுவே என்பாருளர். தித்தனும் உறையூர்க்கு உரியவன். அங்ஙனமாயின் தித்தன் மகனுக்கு அவ்வூர் வேற்றூராதல் எங்ஙனம்? பெருங்கோழி வேறோர் ஊராதல் வேண்டும். அன்றேல் பாட்டிற் பேசும் பெண் வேறு, பாடிய புலவர் வேறு எனக் கொள்ளல் வேண்டும். நற்றிணையிலும் அகநானூற்றிலும் நக்கண்ணையார் பாடல்கள் உள. அங்குத் தலைவி கூற்றாக அமைந்தவற்றை அவர்தம் சொந்த வாழ்வென எவரும் கொள்ளார். புறத்தில் மட்டும் அங்ஙனம் கொள்ளுதற்குக் காரணம் யாது?

காரணம் ஒன்று உண்டு. பெயர் சுட்டப்படாத இப்பாடல்களைத் தொகுத்தோர் அகத்திற் சேர்க்காது, கைக்கிளையாகப் புறத்திற் சேர்த்தனர். இன்ன தலைவனைப் பாடியது என்ற செய்தி அவர்க்குக் கிடைத்திருத்தல் வேண்டும். அச்செய்தியைத் தள்ளுதற்கு ஏதுவில்லை. ஆனால் அது தலைவன் யார் என்பதற்கே சான்று. புலவர் காதலித்தார் என்பதற்குச் சான்றன்று. ஒரு பெண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடியதனாலேயே அதனை அவர் தன்வரலாறாக்குதல், அவர்தம் புலமைக்கு இழுக்காகும். ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடியபோது நாம் அவ்வாறு கேட்பதில்லை.

இவற்றால் பெறப்படுவன: மல்லனாகிய தலைவன் சோழர் குடியினன், தித்தனோடு தொடர்புடையவன், வேற்றூரிற் புற்கையுண்டு வாழ்ந்த காலமும் அவனுக்கு இருந்தது. 81ஆம் பாடலில் அவனுக்கு வழங்கும் அடை 'கவிகை' என்பது. பிறர்க்கு ஈதற்குக் கவிந்த கை என்பது அதன் பொருள். எதிர்த்தாரை அடர்த்த கையும் ஈந்த கையும் ஒன்றே என்பது புலவர் கருத்து. எனினும், புற்கையுண்டவனையும் அவர்கள் பாடினர் என்பதே நாம் போற்றத்தக்கது. பரிசில் பெறுதற்கே புலவர் பாடினர் என்னும் கொள்கைக்கு இப்பாடல்கள் தக்க மறுப்பாகும். 80ஆம் பாடலிற் புலவர் விழைந்தது பொருளன்று. காணாதவன் ஒருவன் இவ்வெற்றியைக் காண வேண்டும் என்பதே.